குழல் கோதண்டம் ஏரிக்குப் போன கதை

கோதண்டம் புல்லாங்குழல் எடுத்து வாசித்தால் கேட்கிறவர்கள் தூங்கிவிடுவார்கள். வாசிப்பு மோசம் என்று ஒருவரும் சொன்னதில்லை. பிரமாதம் என்றும் சொன்னதில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்வதற்கு யாராவது விழித்திருக்க வேண்டுமே.

அது சலிப்பில் வருகிற தூக்கம் அல்ல. கொட்டாவி, நெட்டி முறிப்பு, வேலை கிடக்கிறது என்கிற சாக்கு, எதுவும் கிடையாது. குழல் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் இமை கனத்து, தாடை தொங்கி, ஆள் இருந்த இடத்திலேயே சாய்ந்துவிடுவான். எழுந்ததும் உடம்பு லேசாக இருக்கும். நன்றாகப் பசிக்கும். மூட்டுவலிக்காரர்களுக்கு இரண்டு நாள் வலி தெரியாது. திருமழிசைக்கும் நசரத்பேட்டைக்கும் நடுவில், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் நெல் பயிரிட்ட அந்தச் சின்ன ஊரில் இதை யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. ஒருவன் பனை ஏறுவான், ஒருவன் பாம்பு பிடிப்பான், கோதண்டம் தூங்க வைப்பான்.

ஊருக்கு அதில் வசதியும் இருந்தது. முரட்டுக் காளைக்கு லாடம் அடிக்க வேண்டுமானால் கோதண்டத்தைக் கூப்பிடுவார்கள். சொத்தைப் பல் பிடுங்கவும் அவன்தான். பல் பிடுங்குகிறவன் மட்டும் காதில் பஞ்சு அடைத்து அதன்மேல் தேன்மெழுகு பூசிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை அவன் மெழுகை மறந்துவிட்டான். வாய்க்குள் குறடு இருந்தபடியே இரண்டு பேரும் பொழுது சாயும்வரை தூங்கினார்கள். எழுந்து பார்த்தால் பல் தானாகவே கழன்று குறட்டில் இருந்தது.

அவன் வாசிக்கப் போகிறான் என்றால் தலையாரி வேம்புலி முன்கூட்டியே தெருத்தெருவாகத் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும். அது ஊர் வழக்கமாகிவிட்டது.

"கோதண்டம் ஊதப் போறாரு! அடுப்ப அணைச்சிக்கோங்க! கெணத்தாண்ட நிக்கறவங்கோ தள்ளி வந்து குந்திக்கோங்க! ஏணில கீறவன் எறங்கிக்கோ!"

சொல்லிவிட்டு வேம்புலியும் தமுக்கைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வான்.

கோதண்டத்துக்கு மட்டும் இதில் பெரிய மனக்குறை. அவன் சொந்தமாக ஒரு பாட்டு கட்டியிருந்தான். உலையில் போட்ட அரிசி வெந்து வருகிற நேரம் அதன் நீளம். அதன் கடைசியில் ஓர் இடம் உண்டு. பாட்டு இறங்கி, இன்னும் இறங்கி, சரி, தீர்ந்தது என்று நினைக்கும்போது ஒரே ஒரு படி மேலே ஏறி நிற்கும். அந்த ஒரு படியைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஏழு வருஷம் ஆயிற்று. அதை உலகத்தில் எவரும் கேட்டதில்லை. ஒரே ஓர் ஆள், ஒரே ஒரு தடவை, அந்தப் படி வரைக்கும் விழித்திருந்து கேட்டால் போதும். நிலம் வேண்டும், நீச்சு வேண்டும் என்று அவன் எந்தச் சாமியிடமும் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டான்.

பூந்தமல்லியிலிருந்து ஒரு சங்கீத வித்துவான், இது என்ன ராகம் என்று பார்த்துச் சொல்வதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். முதல் பிடியிலேயே, "ஆ! இது வந்து..." என்று விரலைத் தூக்கினார். தூக்கிய விரலோடு தூங்கினார். எழுந்த பிறகு என்ன சொல்ல வந்தோம் என்பது அவருக்கு மறந்துபோயிற்று.

வீட்டில் பெண்சாதி பூங்காவனம் இருந்தாள். அவளுக்கும் ஆசைதான்.

"இன்னிக்கி முழுசா கேக்கணும், பூங்காவனம்."

"கேக்கறேன்யா. நீ ஊது."

"கண்ண மூடாத."

"இன்னாமோ நான் வேணும்னே மூடற மாரி பேசற? கல்யாணம் ஆயி பதினாலு வருசம் ஆவுது. அந்த ரெண்டாவது வளைவு வருதே, அதுக்கு அந்தாண்ட இன்னா கீதுன்னு எனுக்குத் தெரியாது. நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சிகினு கீறேன்."

கோதண்டம் என்னென்னவோ செய்து பார்த்தான். இமையில் மிளகாய் அரைத்துத் தடவினான். கண்ணீர் வழிய வழியத் தூங்கினார்கள். வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நாலு பேரை நிற்கவைத்து வாசித்தான். இரண்டு பேர் நின்றபடி தூங்கினார்கள். மற்ற இரண்டு பேர் மிதந்துபோய் அடுத்த ஊர் மதகில் தட்டி எழுந்து, அந்த ஊரிலேயே கூழ் குடித்துவிட்டு வந்தார்கள்.

கடைசியில் அவனுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அவர்கள் தூங்குவதற்குள் முடித்துவிடுவது. எதிரே உட்கார்ந்தவர்களின் இமையைப் பார்த்துக்கொண்டே வாசிப்பான். இமை தாழத் தொடங்கினால் வேகத்தைக் கூட்டுவான். இன்னும் தாழ்ந்தால் நடுவில் ஒரு துண்டை விட்டுவிட்டுத் தாண்டுவான். வருஷாவருஷம் பாட்டு குறுகிக்கொண்டே வந்தது. ஆனாலும் தூக்கம்தான் முந்திக்கொண்டது.

ஆங்கிரச வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் வேம்புலி பூந்தமல்லிச் சந்தைக்குப் போய்விட்டான். தமுக்குப் போடவில்லை. அது தெரியாமல் கோதண்டம் வாசித்தான். கிணற்றில் கவலை இறைத்துக்கொண்டிருந்த மாடுகள் சரிவில் பாதி வழியில் நின்று தூங்கின. ஓட்டியவன் வடத்தின்மேல் தூங்கினான். தண்ணீர்ச் சால் அந்தரத்தில் தொங்கியது. யாருக்கும் அடி படவில்லை. ஆனாலும் மணியக்காரர் உலகநாதன் ஊரைக் கூட்டினார்.

"கோதண்டம், உன்ன ஊத வாணாம்னு நான் சொல்லல. ஊர் காதுல உழாத எடமா பாத்து ஊது."

"எந்த எடம்னு சொல்லுங்கோ, ஊதறேன்."

"அளந்தே சொல்லிடறேன்."

ஊருக்கு வடகிழக்கே, நசரத்பேட்டை போகிற பக்கத்தில், கோதண்டத்துக்கு ஒரு புஞ்சை உண்டு. அங்கே அவனை உட்காரவைத்தார்கள். அவனிலிருந்து ஊர்ப் பக்கமாக ஐம்பது அடிக்கு ஒருவனாக ஆட்களை நிறுத்தினார்கள். குழல் எழும்பியது. முதல் ஆள் விழுந்தான். இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள், வரிசையாக அறுத்த கதிர்போலச் சாய்ந்தார்கள். ஏழாவதாக நின்ற வேம்புலி விழவில்லை. கையைத் தூக்கி ஆட்டினான். ஊர் அங்கிருந்து இன்னும் அரை மைல். ஆக, புஞ்சையில் வாசித்தால் ஊருக்கு ஒன்றும் ஆகாது என்று தீர்மானித்து, வரப்பில் ஒரு கல்லை நட்டு, கல்லுக்கு இந்தப் பக்கம் குழல் வரக் கூடாது என்று சொன்னார்கள்.

ஆடி மாதத்தில் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். ஊரிலிருந்து புஞ்சைக்கு. குழல் சத்தத்தை அது நசரத்பேட்டைப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஒரு முறம் நெல் தூற்றமாட்டாத ஊர் அது. அன்றைக்கு மட்டும் அத்தனை பேரும் பார்க்க மறந்தார்கள்.

ஐப்பசியில் காற்று திரும்பியது. ஐப்பசியில்தான் மணியக்காரர் மகளுக்குக் கல்யாணம். காலையில் முகூர்த்தம். கோதண்டத்தை முதல் நாளே கூப்பிட்டு, "நைனா, நீ கல்லுக்கு அந்தாண்டயே இரு. சோறு அங்கியே வரும்" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அவனும் போய் உட்கார்ந்தான். சோறு வருகிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று குழலை எடுத்தான்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்திருந்தான். கெட்டிமேளத்துக்குக் கை தூக்கிய புரோகிதர் கையை இறக்கவில்லை. நாயனக்காரர் சீவாளியைக் கடித்தபடி தவில்காரர் தோளில் சாய்ந்தார். பெண் குனிந்த தலை குனிந்தபடியே இருந்ததால் அவள் தூங்குவது தெரியவில்லை. தெரிந்துகொள்ள யாரும் விழித்திருக்கவும் இல்லை. சமையற்காரர்கள் கரண்டியோடு சாய்ந்தார்கள். இலைக்குக் காத்திருந்த நாய்கள் வாசலில் வரிசையாகப் படுத்தன. எல்லோரும் எழுந்தபோது உடம்பு லேசாக இருந்தது, நல்ல பசி, முகூர்த்தம் போய்விட்டது. அடுத்த முகூர்த்தம் மூன்று நாள் கழித்துத்தான். மாப்பிள்ளை வீட்டார் நூற்று நாற்பது பேரும், நல்ல தூக்கத்துக்குப் பிறகு வருகிற பசியோடு, மூன்று நாளும் அங்கேயே இருந்து சாப்பிட்டார்கள்.

நான்காம் நாள் மணியக்காரர் கோதண்டத்தைக் கூப்பிட்டார்.

"கல்லுக்கு அந்தாண்டதான் குந்திகினு இருந்தேன். அளந்து பாத்துக்கோங்க" என்றான் கோதண்டம்.

"கல்லு கெடக்குது! எம் மருமவன் தாலிய கைல வெச்சிகினு கொறட்ட உட்டான்டா! இனிமே இந்த ஊர் மண்ணுல உங் கொயல் சத்தம் கேக்கக் கூடாது."

"அப்ப எங்கதான் ஊதறது?"

"ஏரில போய் ஊது!"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் கோதண்டம் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்ட ஆள். மீன்காரர்கள் வேண்டாம் என்று கவிழ்த்துப்போட்டிருந்த ஒரு தோணியைக் கேட்டு வாங்கி, ஓட்டைக்குத் தார் பூசி, மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஏரி நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போனான். கரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை வேம்புலி கரையைச் சுற்றி எட்டு இடத்தில், எல்லாக் காற்றிலும், நாலு மாதம் நின்று பார்த்து உறுதி சொன்னான். கரையில் நிற்கும்போது அவன் தூங்கினது உண்டு. அது அவனுடைய சொந்தத் தூக்கம்.

முதல் சில நாள் கோதண்டத்துக்கு அழுகை வந்தது. நடு ஏரியில் எவன் வந்து கேட்பான்? அந்த ஒரு படிக்கு இனி வழியே இல்லை. குழலை எடுத்தால் பழக்கதோஷத்தில் கண் எதிரே இமையைத் தேடியது. எதிரே தண்ணீர்தான் இருந்தது. தோணி விளிம்பில் வந்து உட்கார்ந்த நீர்க்காகங்கள் இரண்டாவது வளைவில் தூங்கித் தண்ணீரில் விழுந்தன. நனைந்து எழுந்து மறுபடி ஏறி உட்கார்ந்து, மறுபடி விழுந்தன. இரண்டு நாளில் அவை வேறு இடம் பார்த்துக்கொண்டன. மீன்கள் மட்டும் தோணியைச் சுற்றி வந்து நின்றன. அவை தூங்கினவா, விழித்திருந்தனவா என்று சொல்ல முடியாது. மீனுக்கு இமை கிடையாது.

பத்துப் பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், இரண்டாவது வளைவுக்கு வந்தவன் வழக்கம்போல வேகத்தைக் கூட்டப்போனான். எதற்கு என்று தோன்றியது. யார் தூங்கிவிடப் போகிறார்கள்? அந்த வளைவிலேயே கொஞ்சம் நின்றான். நின்று பார்த்தால் அங்கே ஓர் இடம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இத்தனை நாள் எட்டிப் பார்க்காத கொல்லை மாதிரி. அதற்குள் போய் வந்தான். முன்பு விட்டுத் தாண்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். மூச்சை முழுசாக இழுத்து முழுசாக விட்டான். பாட்டு நீண்டது. தோணியை வடகரையில் தொடங்கிக் காற்றோடு விட்டால் அது தென்கரை போய்ச் சேரும் நேரம் ஆயிற்று. வீடு திரும்பும்போது நன்றாகப் பசித்தது. அத்தனை வருஷம் ஊருக்குக் கொடுத்த பசி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"இன்னாயா, மொகம் ஒரு தினுசா கீது? ஏரில யாரு கீறா?" என்றாள் பூங்காவனம்.

"மீனு கீது."

"மீன பாத்தா மீன கொண்டா. மொகத்த மட்டும் கொண்டாந்தா இன்னா கொயம்பு வெக்கறது?"

பங்குனி மாதம் நசரத்பேட்டை மருத்துவச்சி சகாயம்மாள் வந்தாள். அந்தப் பக்கத்துப் பிரசவம் எல்லாம் அவள் கைதான். பூங்காவனத்தின் இரண்டு பிள்ளைகளும் அவள் எடுத்ததுதான். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பழகியவள். நாள் கணக்கில் கண் மூடாமல் இருப்பாள் என்று பெயர். ஒரு தலைப்பிரசவத்துக்கு ஐந்து நாள் விழித்திருந்துவிட்டு, ஆறாம் நாள் மாதா கோயில் பூசைக்குப் போய், முழங்காலிட்டு, பிரசங்கம் முழுவதும் கேட்டாள். அந்தக் கோயிலில் பிரசங்கம் முழுவதும் விழித்திருந்து கேட்டவள் அவள் ஒருத்திதான் என்று சொல்வார்கள்.

"ஏம்மா பூங்காவனம், உங்க ஊட்டுக்காரரு ஊதினா எல்லாம் தூங்கிடுதுங்களாமே? நான் குந்தறேன். பாக்கலாம்."

இதைக் கேட்டதும் கோதண்டம் குழலை எடுத்துத் துடைத்தான். அந்த ஒரு படி. ஏரியில் மறந்துவிட்டதாக நினைத்த ஆசை உள்ளேயேதான் இருந்தது.

மணியக்காரரிடம் போய்க் கேட்டான். அவர் மகள் உண்டாகியிருந்தாள், சகாயம்மாளைப் பகைத்துக்கொள்ள அவரால் முடியாது. அவருக்கும் பார்க்க ஆசை. ஒரு நாள் மட்டும் அனுமதி கொடுத்தார். ஊர் முழுக்கக் காதில் பஞ்சும் மெழுகும் வைத்துக்கொண்டு சாவடி முன்னால் வந்து உட்கார்ந்தது. கேட்கப் போகிறவள் சகாயம்மாள் ஒருத்தி. அவள் தூங்குகிறாளா என்று பார்க்கப் போகிறவர்கள் முந்நூறு பேர். மாடுகளைக்கூட விடவில்லை, அவற்றின் காதையும் அடைத்திருந்தார்கள்.

சகாயம்மாள் மடியில் குழந்தைத் துணி ஒன்றை வைத்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊதுப்பா. நாலு துணி அடிக்கணும் எனக்கு."

கோதண்டம் தொடங்கினான். தொடங்கியதும் கண் அவள் இமைக்குப் போயிற்று. முதல் சுற்றில் அசையவில்லை. இரண்டாவது வளைவில் இமை ஒரு தடவை மெதுவாகத் தாழ்ந்து எழுந்தது. அவனையறியாமல் விரல் வேகமெடுத்தது. ஊசி நின்றது, ஒரு துண்டை விட்டுத் தாண்டினான். ஊசி மறுபடி நடந்தது. அவள் நூலைக் கடிக்கக் குனிந்தாள். தலை நிமிரவில்லையே என்று பயந்து இன்னொரு துண்டைத் தாண்டினான். நிமிர்ந்துவிட்டாள். பாட்டு இறங்கியது, இன்னும் இறங்கியது, ஒரு படி ஏறியது. நின்றது.

சகாயம்மாள் விழித்திருந்தாள். கண்ணை அகலத் திறந்து ஊரைச் சுற்றிப் பார்த்து, கையைத் தூக்கினாள். ஊர் கத்தியது. காது அடைத்திருந்ததால் தான் கத்துவது தனக்கே கேட்காமல் இன்னும் உரக்கக் கத்தியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து அழுதன.

சத்தம் அடங்கட்டும் என்று கோதண்டம் காத்திருந்தான். பிறகு கேட்டான்.

"கடேசில ஏறுதே, அத்த கேட்டியாம்மா?"

"கேட்டேன். நல்லாத்தான் கீது. ஒரு படி ஏறி நின்ன." ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "யாரோ தொரத்தினு வந்த மாரி ஏறின. ஏன்?"

கோதண்டம் குழலை மடியில் வைத்தான். ஏறும்போது தனக்கு என்ன கேட்டது என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. ஊசியும் இமையும்தான் ஞாபகம் இருந்தன. பூங்காவனம் அடுப்பில் வைத்துவிட்டு வந்த அரிசி பாதிகூட வெந்திருக்காது.

மணியக்காரர் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கிட்டே வந்தார். ஊர் கூடினதில் அவருக்கு மனசு இளகிப்போயிருந்தது.

"சரி கோதண்டம், போனது போவட்டும். மாசம் ஒரு தபா இப்டி வெச்சிக்கலாம். ஊரே பஞ்சு வெச்சிகினு குந்தறோம். ஏம்மா, நீ வந்து கேப்ப இல்ல?"

"கூப்ட்டா வரேன்" என்றாள் சகாயம்மாள்.

"வாணாங்க" என்றான் கோதண்டம்.

"இன்னாது?"

"இது அந்தப் பாட்டு இல்ல. அது ஏரில கீது."

"கைல கொயல் கீது, வாயி கீது, பாட்டு மட்டும் ஏரில கீதா? எடுத்துகினு வாடா!"

"கரைக்கு எடுத்தாந்தா ஓட ஆரம்பிச்சிடுது."

மணியக்காரர் சகாயம்மாளைப் பார்த்தார். பிள்ளை பெற்றவளுக்கு வருகிற ஜன்னி ஆண்பிள்ளைக்கும் வருமா என்று கேட்கிற பார்வை. அவள் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "போவட்டும் உடுங்க" என்று எழுந்தாள்.

பூங்காவனம்தான் விடவில்லை. வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"இத்தினி வருசமா ஒரு ஆளு, ஒரு ஆளுன்னு உசிர எடுத்த. ஆளும் வந்துச்சு, முயிச்சிகினும் இருந்துச்சு. இன்னும் இன்னாதான்யா வேணும் உனுக்கு? யாருக்குத்தான் ஊதற நீ?"

கோதண்டம் யோசித்தான். நியாயமான கேள்விதான். மீனுக்கு என்று சொல்லலாம், அது பொய்.

"ஊதறேன்" என்றான்.

"நல்லா சொன்ன, போ" என்று அவள் பாதி வெந்த அரிசியைப் பார்க்க உள்ளே போனாள்.

அவன் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு ஏரிக்குப் போனான். வெயில் இன்னும் இறங்கவில்லை. தோணியை வடகரையிலிருந்து சத்தம் எட்டாத தூரத்துக்குத் தள்ளி, கோலை உள்ளே போட்டுவிட்டு, குழலை எடுத்தான். இரண்டாவது வளைவு வந்தது. அங்கே நின்றான். அன்றைக்கு அந்தக் கொல்லையில் புதிதாக ஒரு மூலை தெரிந்தது, அதையும் பார்த்தான். மீன்கள் வந்தன. காற்று நன்றாக இருந்ததால் பாட்டு முடிவதற்கு முன்பே தோணி ஆள் நடமாட்டம் இல்லாத தென்கரையில் முட்டியது. வாசிப்பை நிறுத்தாமல் காலாலேயே கரையை உந்தித் தள்ளினான். தோணி மறுபடி தண்ணீருக்குள் வந்து, தன் இஷ்டத்துக்குச் சுற்றியது. பாட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் இறங்கியது. அவன் ஒரு படி ஏறி, மூச்சு இருக்கிற மட்டும் அங்கே நின்றான்.

பிறகு தோணிக்குள் ஊறியிருந்த தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் இறைத்துக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தான்.